தேனீயைக் கொன்றது யார்? பழி மட்டும் விவசாயி தலையிலா?



பூசணிக் கொடியில் பூ நிறைய இருக்கு, காய் இல்லை. பாகல் பந்தலில் பிஞ்சு வெம்பி உதிருது. "சத்து போதலை" என்று மருந்துக்கடையில் இன்னொரு டானிக் பாட்டிலை நீட்டுறாங்க. பல நேரம் குறை சத்தில் இல்லை. இவை ஆண் பூ வேறு, பெண் பூ வேறாகப் பூக்கிற பயிர்கள். மகரந்தத்தைச் சுமந்து போக ஆள் வேண்டும். அந்த ஆள் தேனீ!

சூரியகாந்தியில் மணி பிடிக்க, பூவுக்குப் பூ துணியால் தடவச் சொல்கிறது வேளாண்மைத் துறை. காலை நேரத்தில் அதற்கு ஆளுக்கு எங்கே போவது? கூலிக்கு எங்கே போவது? பொந்துத் தேனீயும் கொம்புத் தேனீயும் கொசுத் தேனீயும் காசு வாங்காமல் செய்த வேலை அது. கத்தரிப் பூவை ரீங்காரத்தால் உலுக்கி மகரந்தம் கொட்டவைக்கிற கருவண்டும் நம்ம கூலியில்லாத ஆள்தான்.

இந்தக் கூட்டத்துக்கு நோயும் வரும். 1991-92-ல் புழுக்களைத் தாக்கும் வைரஸ் நோய் வந்து குமரி மாவட்டத்தில் பெட்டி பெட்டியாகக் காலியானது. ஆனால் விஷம் நோயல்ல, அது மனிதன் செய்தது. இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம், குளோத்தியானிடின் போன்ற மருந்துகள் செடியின் சாற்றோடு கலந்து, தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேரும். சாகாத தேனீயும் வழி தப்பிக் கூடு திரும்பாது. இந்த மூன்றையும் திறந்த வயலில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை போட்டது. வெள்ளைக்காரன் ஊர்த் தேனீக்கு ஒரு நியாயம், நம்ம ஊர்த் தேனீக்கு ஒரு நியாயமா?

மத்திய அரசு 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்வதாக வரைவாணை போட்டது. அதில் சிலவற்றுக்குத் தேனீயைக் கொல்லும் என்பதையும் காரணமாகச் சொன்னது. 2023-ல் இறுதி ஆணை வந்தபோது தடையானவை விரல்விட்டு எண்ணக்கூடியவை! அதே 2020-ல்தான் தேனீ வளர்ப்புக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தார்கள். ஒரு கையில் தேன்பெட்டி, மறு கையில் விஷப் பாட்டில். என்னய்யா நியாயம் இது?

"விவசாயிதான் கண்டபடி அடிக்கிறான்" என்கிறார்கள். அனுமதி கொடுத்தது யார்? நாலு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்லி அனுப்புவது யார்? வயலுக்கு அதிகாரி வராத ஊரில் கடைக்காரர்தானே வைத்தியர்!

நமது கோரிக்கைகள்:

1. ஐரோப்பாவில் வயலுக்கு ஆகாத மூன்று மருந்துகளையும் இங்கேயும் தடை செய்!

2. "பூக்கும் சமயம் அடிக்காதே" என்று ஒவ்வொரு பாட்டிலிலும் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிடு!

3. சிறு விவசாயிக்கு மானியத்தில் தேன்பெட்டி கொடு! நோய் பார்க்க ஆள் அனுப்பு!

நம் பங்குக்கும் வேலை உண்டு. பூத்த பயிரில் மருந்தைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால், தேனீ கூடு அடைந்த பிறகு சாயங்காலம் அடியுங்கள். கடையில் கலந்து தரும் மருந்தை வாங்காதீர்கள். வரப்பில் தும்பையும் துளசியும் பூக்க விடுங்கள்.

வரும் கிராம சபைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதவைத்து, நகல் கேட்டு வாங்குங்கள். ஊர் ஊராகத் தீர்மானம் சேர்த்து, ஆட்சியர் அலுவலகத்துக்குத் திரண்டு போவோம்!

தேனீ செத்தால் காய் இல்லை! காய் இல்லையென்றால் நாம் இல்லை!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்