கரிச்சட்டி வேண்டாம் அப்பத்தா!

எங்கள் ஆத்தூரில் மார்கழியில்கூட ஃபேன் இல்லாமல் தூக்கம் வராது. இந்த ஊரில் இருந்துகொண்டு என் அண்ணன் மகன், "வேன்ல தரைக்கு அடியில ஹீட்டர் போடப் போறேன் அத்தை" என்றால் சிரிப்பு வருமா, வராதா?

பழைய வேன் ஒன்றை வாங்கி படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று வீடு மாதிரி மாற்றிக் கொண்டிருக்கிறான். செம்பட்டி, வத்தலக்குண்டு தாண்டி மலையேறினால் கொடைக்கானல். டிசம்பர், ஜனவரியில் அங்கே உறைபனி கொட்டும். வேனின் அடியோ வெறும் தகரம். நாலு கம்பளி போர்த்தினாலும் கீழே இருந்து ஏறுகிற ஜில்லிப்பு முதுகைப் பிடித்துவிடும். யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இதைக் கேட்ட என் அம்மா, "எதுக்குடா வெட்டிச் செலவு? கரிச்சட்டியில ரெண்டு கங்கு போட்டு உள்ள வச்சுக்க, கதகதன்னு இருக்கும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் கொடைக்கானல் போனபோது ரூம் கிடைக்காமல் வேனிலேயே படுத்தோம். கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, நடுவில் கரிச்சட்டி. நடு ராத்திரியில் என் மகள் தலை வலிக்கிறது என்று எழுந்து வாந்தி எடுத்தாள். அவளை வெளியே கூட்டிப்போகக் கதவைத் திறந்த பிறகுதான், எங்கள் எல்லோருக்குமே தலை சுற்றுவது தெரிந்தது. அவள் எழாமல் இருந்திருந்தால்...?

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. புகை கண்ணை எரித்தாலாவது விழித்துக்கொள்வோம். இது தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொண்டு போய்விடும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், கறி சுட்ட அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு பேர் விடியும்போது உயிரோடு இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் கேரளாவில் வடகரை அருகே, ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் வாயு தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியதுதான் காரணமாம்.

கொரியா நாட்டு சீரியல்களில் எல்லோரும் தரையில் படுத்துத் தூங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பழைய வீடுகளில் சமையலறை அடுப்பின் புகையைத் தரைக்குக் கீழே ஓடவிட்டு, கல் தளத்தைச் சூடாக்கினார்கள். 'ஒன்டால்' என்று பெயர். சமைத்த மாதிரியும் ஆச்சு, வீடு சூடான மாதிரியும் ஆச்சு! பின்னாளில் விறகுக்குப் பதில் நிலக்கரி வில்லைகளைப் போட்டதில், தரை வெடிப்பு வழியாக வாயு கசிந்து ஏராளமான பேர் செத்தார்கள். அப்புறம்தான் வெந்நீர்க் குழாய்க்கு மாறினார்கள். குளிர் நாட்டு வண்டிகளிலும் இப்படித்தான்: டீசலை எரிக்கிற பெட்டி காற்றை வெளியே இருந்து எடுத்து, புகையையும் வெளியே விடும். வெந்நீர் மட்டும் தரைக்குள் ஓடும்.

அண்ணன் மகன் போட நினைப்பது கரண்ட் ஹீட்டர். சதுர அடிக்கு 10 வாட் வைத்தால், 30 சதுர அடி படுக்கைக்கு 300 வாட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் கணக்குப்படி 4 மணி நேரம் ஓடும். சாதாரண பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆக 2 மணி நேரம்தான். அதற்குமேல் சோலாரும் வேண்டும், பணமும் வேண்டும். மேலே மெத்தையைப் போட்டு மூடினால் சூடு அடைபட்டு வயர் கருகும் ஆபத்து வேறு. தானாக அணைகிற தெர்மோஸ்டாட் இல்லாமல் தொடவே கூடாது.

நான் அவனிடம் சொன்னது இதுதான்: "முதல்ல தகரத்து மேல கெட்டி ஃபோம் பலகையை விரி. அதுக்கு மேல பிளைவுட், அப்புறம் கோரைப்பாய், ஜமக்காளம். குளிர் பாதி அங்கேயே நின்னுடும். வருஷத்துல பத்து நாள் குளிருக்கு இது போதாதா?" அப்படியும் ஹீட்டர் வேண்டுமென்றால் ஃபோமுக்கு மேலே போடட்டும், கீழே போட்டால் தகரத்தைத்தான் சூடாக்கிக் கொண்டிருக்கும். படுக்கும் முன் ஒரு மணி நேரம் போட்டு அணைத்துவிடலாம். கால்மாட்டில் வெந்நீர்ப் பை.

குடும்பத்தோடு வாடகை வேனில் மலையேறும் தோழிகளே, சூட்டுக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கலாம் என்று டிரைவர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்தப் புகையிலும் இதே வாயுதான் இருக்கிறது.

ஃபோம் பலகை போன வாரம் வந்துவிட்டது. அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. "அந்தக் காலத்துல நாங்க எல்லாம் செத்தா போனோம்?" என்கிறார். அந்தக் காலத்து ஓட்டு வீட்டில் காற்று வராத இடமே கிடையாது, வேனில் அப்படியா அம்மா என்றேன். பதில் இல்லை. கரிச்சட்டியை நான்தான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, ஆத்தூர், திண்டுக்கல் மாவட்டம்.