கீழே விழுந்த ஹெல்மெட்... மறுபடி மாட்டலாமா, மாத்தணுமா?

பெட்ரோல் பங்க்கில் ஹெல்மெட்டைக் கழற்றி சீட் மேல் வைக்கிறோம். பர்ஸை எடுக்கத் திரும்புவதற்குள் 'டமால்'! உருண்டுபோய் காற்றடிக்கும் இடத்தில் கிடக்கிறது. எடுத்துத் துடைத்து, அப்படி இப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'ஒரு கீறல்தானே' என்று மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் கூட வந்த நண்பர் ஆரம்பிப்பார். "ஒரு தடவை கீழ விழுந்தா அவ்ளோதான் ப்ரோ. வெளியே தெரியாது, உள்ளே போயிருக்கும். புதுசு வாங்கிடு."

இதைக் கேட்டு உடனே கடைக்குப் போகிறவர்கள் குறைவு. உணவு டெலிவரி செய்யும் ஒரு தம்பிக்கு 1,500 ரூபாய் என்பது சும்மா இல்லை. 'இது வேஸ்ட்டுனு ஆகிடுச்சு, சம்பளம் வந்ததும் வாங்கிக்கலாம்' என்று அதுவரை வெறும் தலையோடு ஓட்டுகிறவர்களும் உண்டு. அதுதான் இந்த அட்வைஸில் இருக்கும் பெரிய ஆபத்து.

நண்பர் சொல்வது முழுப் பொய் இல்லை. ஹெல்மெட்டில் தலையைக் காப்பாற்றும் முக்கிய வேலையைச் செய்வது வெளியே பளபளக்கும் ஓடு மட்டுமல்ல. அதற்கும் உள்ளே இருக்கும் துணி மெத்தைக்கும் நடுவில், கெட்டியான தெர்மாகோல் அடுக்கு ஒன்று இருக்கும். டிவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அதன் உறவுக்காரர்தான். தலை ரோட்டில் மோதும்போது இந்த அடுக்கு நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஆனால், ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. டிவி பெட்டித் தெர்மாகோலைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் அப்படியே நிற்கும். அதே இடத்தில் அடுத்த அடி விழுந்தால், நசுங்க அங்கே எதுவும் மிச்சம் இருக்காது.

நண்பர் மறந்துபோவது ஒன்றைத்தான். தெர்மாகோல் நசுங்க இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். வெளியே ரோடு, உள்ளே தலை. பங்க்கில் விழுந்தது காலி ஹெல்மெட். உள்ளே இருந்து அழுத்த எதுவும் இல்லை. பால் நிரம்பிய கேன் கீழே விழுவதற்கும் காலி கேன் விழுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

கணக்காகவே பார்க்கலாம். 1.2 கிலோ ஹெல்மெட், 80 சென்டிமீட்டர் உயர சீட்டிலிருந்து விழுந்தால் அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 10 ஜூல். ஐரோப்பாவின் முந்தைய 22.05 தரச் சோதனையில், ஹெல்மெட்டுக்குள் உலோகத் தலை ஒன்றை வைத்து நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் மோதவிட்டார்கள். கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்தத் தலையின் எடையை 5 கிலோ என்று வைத்துக்கொண்டாலே சுமார் 140 ஜூல். இதைத் தாங்கத் தயாரான ஒரு பொருள், சீட்டிலிருந்து உருண்டதற்கெல்லாம் உயிரை விடாது.

அமெரிக்காவின் ஸ்நெல் அறக்கட்டளை சொல்வதும் ஏறக்குறைய இதுதான். பீட் ஸ்நெல் என்ற கார் பந்தய வீரர் 1956-ல் தலைக்காயத்தால் இறந்த பிறகு, 1957-ல் தொடங்கப்பட்டது இது. ஹெல்மெட்டுகளை உடைத்துப் பார்ப்பதே இவர்கள் வேலை. காலி ஹெல்மெட் தெரியாமல் ஒருமுறை விழுந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம். அடிக்கடி கீழே போடுவது, தூக்கி எறிவது எல்லாம் சேர்ந்து அதன் பலத்தைக் குறைக்கும் என்பது அவர்களின் நிலை.

அப்போ எப்பதான் பயப்படணும்?

முதலில், உள்ளே ஏதாவது வைத்திருந்தபோது விழுந்தால். நம்மில் பலருக்கு ஹெல்மெட்தான் கூடை. செயின் பூட்டு, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் அதற்குள்தான். பூட்டோடு விழுந்த ஹெல்மெட்டுக்கு, அந்தப் பூட்டுதான் தலை. தெர்மாகோலில் குழி விழுந்திருக்கலாம். மாடி பால்கனியிலிருந்து விழுந்தாலோ, கையில் மாட்டிக்கொண்டு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நழுவி ரோட்டில் மோதினாலோ, அதையும் சீட்டிலிருந்து விழுந்த கணக்கில் சேர்க்க முடியாது.

சந்தேகமா? உள் மெத்தையைக் கழற்ற முடிகிற மாடல் என்றால் கழற்றுங்கள். தெர்மாகோலில் வெடிப்போ, பள்ளமோ, ஓட்டிலிருந்து விலகிய இடைவெளியோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெளியே கோடு தெரிந்தால் நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் மாட்டினால், பெயின்ட் கீறல் என்று விட்டுவிடாமல் உற்றுப் பார்க்க வேண்டிய இடம் அது. இரண்டு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டில் மெதுவாக அழுத்தும்போது புதிதாக 'கிரீச்' சத்தம் வந்தாலும் உஷார். ஸ்ட்ராப்பின் ரிவிட், லாக் இரண்டையும் இழுத்துப் பாருங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் மாற்றிவிடுங்கள்.

தலையில் இருக்கும்போதே அடி வாங்கியதா? அப்போது இந்தச் சோதனையே தேவையில்லை. கீறலே இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான். 'பார்க்க நல்லாத்தானே இருக்கு' என்று தம்பிக்குக் கொடுப்பது அன்பு இல்லை. செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட் வாங்கக் கூடாது என்பதும் இதனால்தான். அதன் பழைய கதை நமக்குத் தெரியாது.

உண்மையில், கீழே விழுவதைவிட நம் தினசரிப் பழக்கங்கள்தான் ஹெல்மெட்டை அதிகம் கெடுக்கின்றன. கண்ணாடியில் கவிழ்த்து மாட்டுகிறோமே, அந்தக் கம்பி நுனி தெர்மாகோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்திக்கொண்டே இருக்கும். சைலன்சர் பக்கத்தில் தொங்கவிட்டால் சூடு. கறை போகப் பெட்ரோலோ தின்னரோ போட்டுத் துடைத்தால், பிளாஸ்டிக் ஓடு பலம் இழக்கும். மிதமான சோப்புத் தண்ணீர் போதும். எதுவுமே நடக்காவிட்டாலும் 5 வருடத்தில் மாற்றிவிடச் சொல்கிறது ஸ்நெல்.

புதிது வாங்கும்போது ஐ.எஸ்.ஐ முத்திரையும், அதோடு ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜூன் 1 முதல், டூவீலர் ஹெல்மெட்டுகளுக்கு இந்த முத்திரை கட்டாயம். ரோட்டோரத்தில் 200 ரூபாய்க்குத் தொங்குவது போலீஸுக்குக் காட்ட மட்டுமே உதவும். என்னைக் கேட்டால், ஒருமுறை சீட்டிலிருந்து விழுந்த நல்ல ஹெல்மெட், அந்தப் புத்தம் புதிய தொப்பியைவிட எவ்வளவோ மேல்.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் அணிவது மரண அபாயத்தை 42 சதவிகிதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவிகிதமும் குறைப்பதாகச் சொல்கிறது. எனவே, புதிது வாங்கும்வரை சந்தேகத்துக்குரிய பழையதையாவது மாட்டிக்கொண்டு போங்கள்; வெறும் தலையோடு போகாதீர்கள்.

புதிது வந்ததும் பழையதை அப்படியே பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். யாராவது எடுத்துத் துடைத்து மாட்டிக்கொள்வார்கள். கத்தரிக்கோல் எடுத்து, ஸ்ட்ராப்பை வெட்டிவிட்டுப் போடுங்கள்.