ஏலக்காயின் தரம் தோலில் இல்லை

புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலக்காய் விற்பனையில் விலையைத் தீர்மானிப்பவை முதன்மையாக இரண்டு: காயின் பருமனும் தோலின் பச்சையும். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் காய்க்குத் தனி மதிப்பு. உலகம் எதற்காக ஏலக்காயை வாங்குகிறதோ, அந்த மணத்திற்கு அங்கே தனி அளவுகோல் இல்லை. (செடியைக் குறிக்கும் ஏலம் வேறு, விற்பனையைக் குறிக்கும் ஏலம் போர்த்துகீசியச் சொல். இரண்டும் ஒரே கூடத்தில் சந்தித்தது தற்செயல்.)

மணம் தோலில் இல்லை, கருவிதையின் எண்ணெயில் இருக்கிறது. அதன் முதன்மைக் கூறுகளான சினியோல், டெர்பினைல் அசிடேட் ஆகியவற்றின் விகிதம் வகைக்கு வகை மாறும். பூங்கொத்து தரையில் படரும் மலபார் வகையில் சினியோல் மிகுதி என்பர். அதனால் கற்பூரச் சாயல் தூக்கலாக இருக்கும். பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும் மைசூர் வகையில் இன்மணம் கூடுதல். இரண்டிற்கும் இடைப்பட்டது வழுக்கா. இடுக்கி உழவர் ஒருவர் வழுக்காவிலிருந்து தேர்ந்தெடுத்த ஞள்ளானி, திரண்ட காயும் மிகுந்த விளைச்சலும் தந்து, சில பத்தாண்டுகளில் பழைய வகைகளைத் தோட்டங்களிலிருந்து ஏறக்குறைய அகற்றிவிட்டது. உழவரைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. சந்தை கேட்டதை அவர் விளைவித்தார்.

ஆனால் கொடுத்த விலை சிறிதன்று. விளைச்சலுக்காக நிழல்மரங்கள் கழிக்கப்பட்டன. நீர்ப்பாசனமும் பூச்சிக்கொல்லியும் பெருகின. எச்சம் மிகுதி என்று சவூதி அரேபியா இந்தியச் சரக்கைத் திருப்பியதும், 2024 கோடை வறட்சியில் இடுக்கித் தோட்டங்கள் கருகியதும் இந்தப் பின்னணியில் காணத்தக்கவை. பச்சை நிறத்தைக் காக்கச் சோடா நீரில் முக்கி உலர்த்துவது ஏற்கப்பட்ட முறை. செயற்கைச் சாயம் ஏற்றுவது குற்றம். எனினும் பச்சைக்கே பணம் என்னும் சந்தையில் அந்த ஆசை எளிதில் ஒழியாது.

தரம் உண்மையில் பிறப்பது பறிப்பில். தோல் பச்சையாகவும் விதை கறுத்தும் இருக்கும் கறிக்காய்ப் பருவத்தைக் கண்டு கிள்ளுவோர், கம்பம், போடிப் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் மலையேறும் பெண்கள். இளங்காய் கலந்தால் எண்ணெயும் எடையும் குறையும். அவர்களுடைய தேர்ச்சி எந்த விலைப்பட்டியலிலும் ஏறுவதில்லை.

குவாத்தமாலாவுக்கு ஏலம் சென்றது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். இன்று உற்பத்தியில் அந்நாடே முன்னணி. மலிவில் அதனை வெல்வது கடினம். நெல்லியாம்பதிக்கும் வண்டன்மேட்டிற்கும் உரிய வலிமை, பிறந்த மண்ணின் மணமே. அதனை அளக்காமல் விற்பது தன் கையிருப்பைத் தானே மறைப்பதாகும்.

ஆகவே விற்பனைக்கு வரும் ஒவ்வொரு குவியலுக்கும் வகைப் பெயரும் எண்ணெய் அளவும் அறிவிக்கப்பட வேண்டும். எண்ணெய் வடித்துப் பார்க்கச் சில மணி நேரம் ஆகும், விற்பனை தாமதமாகும் என்று வணிகர் மறுக்கலாம். மாதிரியை முதல்நாளே பெற்றுக்கொண்டால் அந்தத் தடை நீங்கும். மயிலாடும்பாறையிலும் பாம்பாடும்பாறையிலும் ஏலத்திற்கென்றே ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன.