ரெண்டு ஸ்டேஷன், ஒரு ஊரு, நடுவுல நம்ம பொட்டி...

சென்ட்ரல் கட்டடம் அழகு, எழும்பூர் அதை விட அழகுன்னு யாராவது ஆரம்பிச்சா எனக்குக் கொஞ்சம் கடுப்பாகும். அழகுதாங்க, இல்லேங்கல. ஆனா 1996ல ஒரு காலை நேரத்துல, எழும்பூர் வாசல்ல ரெண்டு பொட்டியும் ஒரு படுக்கைச் சுருட்டுமா நின்னப்ப அந்த அழகு என் கண்ணுக்குத் தெரியல. ஊர்ல இருந்து வந்த மீட்டர் கேஜ் வண்டி லேட். வடக்கே போற வண்டி சென்ட்ரல்ல. நடுவுல ஏறக்குறைய ரெண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரரோட பேரம் படிஞ்சு போய்ச் சேர்ந்தப்போ வண்டியோட வாலைத்தான் பார்த்தேன். போக வேண்டிய இன்டர்வியூவும் அதோட போச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல, அதுதான் ரொம்ப வலிச்சுது.

பார்க் ஸ்டேஷன்ல இறங்கி ரோட்டைத் தாண்டியிருக்கலாமேன்னு கேப்பீங்க. அந்த மூட்டையோட ஆபீஸ் நேரத்து மின்சார ரயில்ல ஏறி, படிக்கட்டு ஏறி இறங்கிப் பாருங்க, தெரியும்!

ஏன் இப்படி ஆச்சு? கதை ராயபுரத்துல ஆரம்பிக்குது. 1856 ஜூலையில தென்னிந்தியாவோட முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் போச்சு. மும்பையில 1853லயே ரயில் ஓடினாலும், அந்தக் காலத்து ஸ்டேஷன் கட்டடங்கள்ல இன்னிக்கு நிக்கற பழசு நம்ம ராயபுரம்தான். அந்த மெட்ராஸ் ரயில்வே கம்பெனிதான் 1873ல சென்ட்ரலைத் திறந்துச்சு. அது பிராட் கேஜ். தெற்கே ஓட்டினது சவுத் இந்தியன் ரயில்வேங்கற வேற கம்பெனி. அது மீட்டர் கேஜ். அவங்க 1908ல எழும்பூரைக் கட்டினாங்க. ரெண்டு கம்பெனி, ரெண்டு அகலம், ரெண்டு வாசல். பயணி எங்கே மாறுவான்ங்கறது யாருக்கும் கவலையில்ல. வெள்ளைக்காரன் கம்பெனிக்கு லாபக்கணக்கு, விடுங்க.

ஆனா 1951ல எல்லாம் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயிடுச்சே? முதலாளி ஒண்ணானாரு, வாசல் ஒண்ணாகல. பீச்-தாம்பரம் மின்சார ரயில் 1931லயே வந்துச்சு. அது 2004 வரைக்கும் மீட்டர் கேஜுலயே ஓடிச்சு. எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நேரா மெட்ரோ வந்தது 2018ல. 1908ல இருந்து கணக்குப் போட்டா 110 வருஷம்!

பழசைப் பேசி என்ன பிரயோஜனம்னு தோணும். புதுசுலயும் அதேதான் நடக்குது, அதான் பேசறேன். பறக்கும் ரயில் 1995ல சேப்பாக்கம், 1997ல மயிலாப்பூர், 2007ல வேளச்சேரி வந்துச்சு. அங்கிருந்து பரங்கிமலை அஞ்சு கிலோமீட்டர்தான். அதுக்குப் பல வருஷம் இழுத்தாங்க. 2023 டிசம்பர்ல கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தாங்க. பக்கத்துலயே தண்டவாளம் போகுது, ஆனா திறந்த அன்னிக்கு அங்கே ரயில் நிக்க ஸ்டேஷன் கிடையாது. முதல்ல கட்டடம், அப்புறமா வழி. இதுதான் நம்ம பழக்கம்.

என் கட்சி இதுதான். ஸ்டேஷன்ங்கறது கோபுரமும் கடிகாரமும் இல்ல. ஒரு வண்டியில இருந்து இன்னொரு வண்டிக்கு நடக்கற தூரம். அடுத்த தடவை புதுசா ஒரு ஸ்டேஷனுக்கு வரைபடம் போடறவங்க, பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பொட்டியையும் ஒரு வயசான அம்மாவையும் கூட்டிக்கிட்டு எழும்பூர்ல இருந்து சென்ட்ரலுக்கு ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். மத்ததெல்லாம் தானா சரியாயிடும் :)