‘மயக்கமா வருது’ என்பதை யார் மொழிபெயர்ப்பது?

“அதெல்லாம் நம்ம ரத்தத்துலயே இருக்கு.”

சர்க்கரை நோயைப் பற்றி சிங்கப்பூர்த் தமிழர்கள் பேசும்போது நான் அதிகம் கேட்டிருக்கும் வாக்கியம் இதுதான். ஆங் மோ கியோ காப்பிக்கடையில் கேட்டிருக்கிறேன். தேக்காவில் மீன் வாங்க நிற்கும்போது கேட்டிருக்கிறேன். இலக்கியக் கூட்டம் முடிந்து வடையும் தேநீரும் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்திலும் கேட்டிருக்கிறேன். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள், அடுத்த வடைக்குக் கை நீளும். வடை மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வாக்கியத்தோடுதான் சண்டை.

முதலில் கணக்கு. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நீரிழிவு இருந்தவர்கள் இந்தியர்களில் 17.2 விழுக்காடு, மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. 2016 ஏப்ரலில் அன்றைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தார். மறு ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் இதைப் பற்றி விரிவாகப் பேசினார். 60 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களில் பத்துக்கு மூவருக்கு நீரிழிவு என்றார். அதே வயது மலாய்க்காரர்களில் பத்துக்கு ஐவர். இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேர்.

இன வாரியாக எண்ணுவதை நான் குறை சொல்லவில்லை. எண்ணாமல் விட்டிருந்தால் இப்படியொரு இடைவெளி இருப்பதே தெரிந்திருக்காது. எண்ணிய பிறகு என்ன செய்தோம் என்பதே என் கேள்வி.

‘ரத்தத்துலயே இருக்கு’ என்பதில் உண்மையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே ஆபத்து கூடத் தொடங்கும் என்று 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு சொன்னது. சிங்கப்பூரும் அந்த அளவைத்தான் பின்பற்றுகிறது. தெற்காசிய உடல் மெலிந்திருக்கும்போதே சர்க்கரைக்கு இடம் கொடுத்துவிடும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி. சரி, ஒரு வீட்டின் கூரை மற்ற வீட்டுக் கூரையைவிடச் சீக்கிரம் ஒழுகும் என்று தெரிந்தால் என்ன செய்வோம்? அந்த வீட்டுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்புவோமா, “அந்தக் கூரை அப்படித்தான்லா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோமா? மரபணு காரணமென்றால், கூடுதல் கவனம் கேட்பதற்கு அதைவிட வலுவான காரணம் வேறில்லை. நாம் அதைக் கையை விரிப்பதற்கான சாக்காக மாற்றி வைத்திருக்கிறோம்.

வளங்கள் இல்லாமல் இல்லை. ஆங் மோ கியோ அவென்யூ 8இல் பலதுறை மருந்தகம் இருக்கிறது. 2022 டிசம்பர் முதல் பானப் புட்டிகளில் சர்க்கரையைக் காட்டும் ஏ, பி, சி, டி குறியீடு வந்துவிட்டது. ஓராண்டு கழித்து, கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் வந்தது. 2023 ஜூலையில் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ தொடங்கியது. 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். அவர் நம்மோடு உட்கார்ந்து, நமக்கென்று ஒரு சுகாதாரத் திட்டம் போட்டுத் தருவார். நல்ல திட்டம், மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் அந்தத் திட்டத்தின் முதன்மையான கருவி எது? பேச்சு. என்ன சாப்பிடுகிறீர்கள், எப்போது தூங்குகிறீர்கள், மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு எந்த மொழியில் நடக்கும்?

என் பெரியம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. நாற்பது வருஷமாக ஆங் மோ கியோவில் அதே வீவக வீடு. மலாய் சரளமாகப் பேசுவார். சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு ஹொக்கியன் வரும். ஆங்கிலம் “ஓகே டாக்டர், தேங்க்யூ டாக்டர்” வரைக்கும்தான். ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார்: “கண்ணு, காலு மதமதன்னு இருக்கு. ராத்திரியானா காந்துது. சில நேரம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.” இது மூன்று தனித்தனித் தகவல். உணர்ச்சி குறைவது, எரிவது, ஊர்வது. நீரிழிவு நரம்பைத் தின்னும்போது வருகிற அறிகுறிகள். உணர்ச்சி போன காலில் காயம் பட்டால் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகும். புண் ஆறாவிட்டால் கடைசியில் காலையே எடுக்க வேண்டிவரும்.

ஒரு மருந்தகத்தில் இதே விஷயத்தைப் பேரன்தான் டாக்டருக்குச் சொல்லியிருக்கிறான்: “லெக் பெயின்.” பெரியம்மாவுக்கு வலி மாத்திரை கிடைத்தது. பதினான்கு வயசுப் பையன், அவனிடம் ‘மதமதப்பு’க்கு ஆங்கிலம் கேட்டால் அவன் எங்கே போவான்? டாக்டரையும் குறை சொல்ல முடியாது. காதில் விழுந்ததற்கு அவர் மருந்து கொடுத்தார்.

‘மயக்கமா வருது’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினாலும் அதையே சொல்வோம், கண் இருட்டினாலும் அதையே சொல்வோம், நினைவு தப்பினாலும் அதையே சொல்வோம். மருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், படபடக்கும். அதுவும் மயக்கம்தான். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கினால் அதுவும் மயக்கம்தான். முதலாவதற்கு உடனே இனிப்பு வேண்டும். இரண்டாவதற்கு இனிப்பால் பயனில்லை. எந்த மயக்கம் என்று திருப்பிக் கேட்கத் தெரிந்த ஒருவர் நடுவில் வேண்டும்.

இன்னொன்று. பேரன் முன்னால் சொல்ல முடியாதவை இருக்கின்றன. சிறுநீர் அடக்க முடியாமல் போவது, அந்தரங்கத்தில் அரிப்பு, துணை இறந்த பிறகு மாத்திரை போடவே மனசில்லாமல் போனது. குடும்பத்துப் பிள்ளை மொழிபெயர்க்கும்போது நோயாளி தன் நோயில் பாதியை விழுங்கிவிடுகிறார்.

தமிழ் தெரிந்த தாதியர் உதவுகிறார்களே என்பீர்கள். உதவுகிறார்கள், அவர்களைக் கும்பிடவேண்டும். தன் வேலையை நடுவில் விட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு நிமிஷம் பேசிவிட்டுப் போகும் நல்ல மனசுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் அன்று விடுப்பில் இருந்தால்? ஒருவருடைய நல்ல மனசை நம்பி ஓர் ஏற்பாடு நடக்கிறதென்றால், அங்கே ஏற்பாடே இல்லை என்று பொருள்.

நம் எண்ணிக்கையும் நாம் வாழும் முறையும் இதை இன்னும் சிக்கலாக்குகின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வசிப்பவர்களில் இந்தியர்கள் 9 விழுக்காடு. 1989 முதல் வீவக பேட்டைகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. இனக் குடியிருப்புகள் உருவாகாமல் அது தடுத்தது, அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் பக்கவிளைவாக, எந்தப் புளோக்கிலும் தமிழ் முதியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். கீழ்த்தளத்து நிலையத்தில் சுகாதாரப் பேச்சு தமிழில் நடத்தலாமா என்று கேட்டால், “எத்தனை பேர் வருவாங்க?” என்பார்கள். நாலு பேர். அந்தப் புளோக்கில் நாலு, அடுத்ததில் மூணு. தீவு முழுக்கக் கூட்டினால் பெரிய கூட்டம், ஓரிடத்தில் பார்த்தால் யாருமில்லை.

வீட்டுக்குள்ளும் தமிழ் மெலிகிறது. வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. பெரியம்மாக்கள் மூப்படையும் அதே வேகத்தில், அவர்களுக்கு மொழிபெயர்க்கவேண்டிய பேரப்பிள்ளைகளின் தமிழும் குறைகிறது.

அமெரிக்காவில் தமிழ் ஆட்சிமொழி இல்லை. ஆனாலும் அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பாடு செய்யவேண்டும் என்பது அங்கே விதி. அவசர நிலை தவிர, சிறுபிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக நம்பக்கூடாது என்று 2016இல் எழுதியே வைத்தார்கள். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊரில் நாம் அதைவிடக் குறைவாகக் கேட்பானேன்?

முடியாத காரியமும் இல்லை. 2020இல் தங்கும் விடுதிகளில் கொவிட் பரவியபோது, தொழிலாளர்களின் மொழி தெரிந்த தன்னார்வலர்கள் மருத்துவக் குழுக்களுக்காகச் சில நாட்களில் மொழிபெயர்ப்பு உதவியைத் திரட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று கண்டிருந்தது. தீப்பிடித்தால் ஓடுகிறோம். நீரிழிவு உமிக்குள் நெருப்பு மாதிரி, வெளியே தெரியாது, ஆகவே யாரும் ஓடுவதில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. குடும்ப மருத்துவரிடம் பதியும்போதே ‘எந்த மொழியில் பேச விருப்பம்’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தொலைபேசியிலோ காணொளியிலோ தீவு முழுவதற்கும் கிடைக்கட்டும். சிதறிக் கிடக்கும் மக்களுக்கு அதுதான் தோதான வழி. நாலு பேர், மூணு பேர் என்ற கணக்கு அதோடு அடிபட்டுப்போகும்.

மூன்றாவது வேலை அரசுடையது இல்லை, நம்முடையது. ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழா. பட்டிமன்றம், கவியரங்கம், சொற்போர். அறிவிப்புப் பலகையில் ஓர் ஒற்று விட்டுப்போனால் படம் எடுத்துப் போட்டு ஊரைக் கூட்டுகிறோம். கூட்டவேண்டியதுதான். ஆனால் ஒரு மூதாட்டியின் ‘மதமதப்பு’ ‘லெக் பெயின்’ ஆகும்போது நடப்பதும் மொழிப்பிழைதான். அதற்கு நம்மில் யாரும் படம் எடுத்துப் போட்டதில்லை. தமிழ் வாழ்க என்று மேடையில் சொல்வது சுலபம். தமிழ் மட்டும் தெரிந்தவர் வாழ என்ன வழி என்று கேட்டால் மண்டபம் அமைதியாகிவிடுகிறது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தமிழும் ஆங்கிலமும் சமமாக வரும். நீங்கள் கதை எழுதுகிறீர்கள், சொல்லுக்காக மணிக்கணக்கில் மெனக்கெடுகிறீர்கள். அந்த மெனக்கெடலில் கொஞ்சம் இங்கே தேவைப்படுகிறது. காந்தல், குத்தல், குடைச்சல், மதமதப்பு, கிறுகிறுப்பு, படபடப்பு, இழுத்துப் பிடிப்பது, விண்விண்ணென்று தெறிப்பது. இவற்றைச் சொல்பவர்களிடமிருந்தே கேட்டு, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று மருத்துவர்களோடு உட்கார்ந்து சரிபார்த்து, ஆங்கிலத்தோடு சேர்த்து ஒரு சிறு கையேடாக்கினால் தாதியர் மேசையில் அது புழங்கும். அடுத்த ஏப்ரலில் ஒரே ஒரு பட்டிமன்றத்தை விட்டுவிட்டு அதே மண்டபத்தில் இதைத் தொடங்கலாம். தலைப்புகூட யோசிக்க வேண்டியதில்லை. பெரியவர்களைக் கூப்பிட்டு, “உடம்புக்கு என்ன செய்யுது, சொல்லுங்க” என்று கேட்டால் போதும்.