ஊசியோடு படிப்பும் மலை ஏறட்டும்

"ஏழாம் மாசம் பிறந்த பிள்ளை பிழைச்சுக்கும், எட்டாம் மாசம் பிறந்தது தங்காது" என்று நம் பக்கத்துப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பேச்சு தவறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே. முக்கியமாக நுரையீரலுக்கு.

மற்ற உறுப்புகள் ஓரளவு தயாரான பிறகும் நுரையீரலுக்கு வேலை பாக்கி இருக்கும். 24 வாரம் வாக்கில்தான் காற்றுப் பைகள் உருவாகத் தொடங்குகின்றன. அவற்றின் உட்சுவரில் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பூச்சு ஒன்று சுரக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் பைகள், நனைந்த பாலிதீன் பைபோல, சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பச்சைக் குழந்தை எத்தனை தடவைதான் மூச்சுப் பிடித்து அதை விரிக்கும்? அந்தப் பூச்சு போதுமான அளவு சேர 34, 35 வாரம் ஆகிவிடுகிறது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இதுதான் காரணம் என்று 1959-ல் மேரி எலன் ஏவரி, ஜெர் மீட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

காரணம் தெரிந்த பிறகும் வழி தெரியவில்லை. 1963 ஆகஸ்டில் ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகவே பிறந்த மகன் பேட்ரிக், இதே நோயால் 39 மணி நேரத்தில் இறந்தான். அமெரிக்க ஜனாதிபதியின் செல்வாக்கும் அந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்கித் தரவில்லை.

வழி ஆட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. நியூசிலாந்து மருத்துவர் லிகின்ஸ், பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று செம்மறி ஆடுகளை வைத்து ஆராய்ந்தார். ஸ்டீராய்டு செலுத்தப்பட்ட ஆட்டுக்குட்டி, பிழைக்க முடியாத அளவு முன்னதாகவே பிறந்தும் மூச்சுவிட்டது. அவரும் குழந்தை மருத்துவர் ஹோவியும் கர்ப்பிணிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்து 1972-ல் முடிவை வெளியிட்டார்கள். தாய்க்குப் போடும் ஊசி குழந்தையின் நுரையீரலைச் சீக்கிரம் முதிர வைத்தது. மலிவான ஊசிதான். ஆனால் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவிலேயே நிபுணர் குழு பரிந்துரைத்தது 1994-ல். இடையில் போனது 22 வருடம்.

நம் நாட்டில் 2014-ல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி கண்டால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் டெக்ஸாமெத்தசோன் முதல் ஊசியைக் கிராம சுகாதார நர்ஸே போடலாம் என்றது. நல்ல உத்தரவு. ஆனால் காலமெல்லாம் சர்க்குலர்களோடு குடித்தனம் நடத்திய குமாஸ்தாவுக்கு ஒன்று தெரியும். சர்க்குலர் தபாலில் வரும், பதிவேட்டில் ஏறும், எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார்கள். விஷயம் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது.

கைக்குப் போகாத அறிவு ஆபத்தும்கூட. இந்தியா உட்பட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்த ஆய்வு 2015-ல் வெளியானது. மொத்தத்தில் சிசு மரணம் குறையவில்லை, சற்றுக் கூடியது. ஊசி போடப்பட்டவர்களில் பலருக்குக் குறைப்பிரசவமே ஆகவில்லை. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வில், ஸ்கேன் மூலம் வாரத்தைச் சரிபார்த்து, குழந்தையைக் கவனிக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் கொடுத்தார்கள். சிசு மரணம் நூற்றுக்கு 23.5-லிருந்து 19.6 ஆகக் குறைந்தது. ஒரே மருந்துதான். வாரக் கணக்கும் அதற்குப் பிந்தைய கவனிப்பும்தான் வித்தியாசம்.

இப்போது நம் கல்வராயன் மலைக்கு வாருங்கள். வெள்ளிமலையில் ஒரு பெண்ணுக்கு இரவு முன்கூட்டியே வலி கண்டால், மலைப்பாதையில் இறங்கி, கச்சிராயப்பாளையம் கடந்து கள்ளக்குறிச்சி வர வேண்டும். அந்த நேரத்தில் முடிவெடுப்பவர் பெரிய டாக்டர் அல்ல, மலையில் இருக்கும் ஒரு நர்ஸ். எத்தனை வாரம், ஊசி போடலாமா, வழியில் பிறந்தால் குழந்தையை எப்படி மூச்சுவிட வைப்பது என்று அவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர்கள் 5 ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று 2002-ம் வருட மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. கணக்குப் போட்டால் வருடத்துக்கு 6 மணி நேரம். உயிர் ஊசலாடும் சிகிச்சைக்கு அது போதுமா? சிசுவுக்கு மூச்சு கொடுக்கும் கைப்பழக்கம், செய்யாமல் இருந்தால் சில மாதங்களிலேயே விட்டுப்போகும். 2024 ஜூனில் கருணாபுரம் விஷச் சாராயத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, சேலத்துக்கும் ஜிப்மருக்கும் ஆட்களை ஏற்றி அனுப்பியதைப் பார்த்தோம். அவசரம் வந்த பிறகு பாடம் படிக்க முடியாது.

2022 ஜனவரியில் சிறுவங்கூரில் நமக்கே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்குள்ள பேராசிரியர்கள் மாதம் ஒருமுறை மலை ஏறி, பொம்மையை வைத்து நர்ஸ்களுக்கும் 108 ஊழியர்களுக்கும் பயிற்சி தரட்டும். மலை நர்ஸ்கள் வருடத்தில் ஒரு வாரம் கல்லூரியின் பச்சிளம் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கட்டும். அந்த நாட்களுக்கு மாற்று ஆள் போடுவது அரசின் பொறுப்பு. இல்லாவிட்டால் பயிற்சி தண்டனையாகிவிடும். நம் பங்குக்கு, வீட்டுப் பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதும் தேதியைக் குறித்து வைத்து, முதல் ஸ்கேனைச் சீக்கிரம் எடுக்கச் சொல்வோம்.

இன்குபேட்டரைப் பிரெஞ்சில் 'கூவேஸ்' என்பார்கள். அடைகாக்கும் கோழிக்கும் அதே பெயர்தான். 1880 வாக்கில் பாரிஸ் மருத்துவர் தார்னியே, குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துத்தான் குழந்தைகளுக்கும் அப்படி ஒன்று செய்யச் சொன்னார். பெட்டியை டெண்டர் விட்டு வாங்கிவிடலாம். அடைகாக்கத் தெரிந்த ஆளை வருடா வருடம் படிக்க வைத்துத்தான் உண்டாக்க வேண்டும்.