அழுகிற ஆணும் சிரிக்கிற பெண்ணும்

“அழுகிற ஆணையும் சிரிக்கிற பெண்ணையும் நம்பாதே” என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. ஆணின் கண்ணீருக்கும் பெண்ணின் சிரிப்புக்கும் ஒருங்கே தாழிட்ட மொழி இது. நாம் இதனை வாய்விட்டுச் சொல்லாதபோதும் பிள்ளை வளர்ப்பிற் பெரும்பாலும் கைக்கொண்டே வருகின்றோம். அதன் பயன் பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுங் காலத்தில் வெளிப்படுகின்றது.

இன்று இலங்கைப் பல்கலைக்கழக மாணாக்கருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். வீட்டைப் பிரிதல், ஆங்கிலத்திற் பாடங் கேட்டல், பகிடிவதை, பணமுடை, பரீட்சைத் தோல்வி ஆகிய இடர்கள் இருபாலார்க்கும் பொது. அவற்றை ஏற்கும் முறையே வேறுபடுகின்றது.

இடரை எதிர்கொள்ளும் வழிகளை இரண்டாக வகுத்து 1984 இல் நூல் செய்தனர் றிச்சட் லசரஸ், சூசன் வோக்மன் என்னும் உளவியலறிஞர். இடரின் காரணத்தை நீக்க முயல்வது ஒன்று; இடரால் எழும் உணர்ச்சியை ஆள்வது மற்றையது. துயருற்ற பெண்கள் அத்துயரையே மனத்திற் புரட்டிப் புரட்டி எண்ணுதலும், ஆண்கள் வேறொன்றில் மனத்தைத் திருப்புதலும் மிகுதி என்று 1987 இல் எழுதினார் சூசன் நோலன் ஹொக்சீமா. ஆபத்து வேளையிற் பெண்கள் பிறரோடு கூடி ஆதரவு தேடும் போக்கினர் என 2000 இல் ஷெலி ரெயிலரும் அவர்தம் குழுவினரும் கூறினர்.

மாணவி தோழியிடம் சொல்லி அழுகின்றாள், துணை கிடைக்கின்றது. ஆயின் அழுத பின்னரும் அதையே எண்ணி இரவைக் கழிப்பதுண்டு. மாணவன் பந்தடிக்கப் போகின்றான்; மனஞ் சற்றே ஆறுகின்றது. ஆயின் தோல்வியை எவரிடமும் சொல்வதில்லை. இம்மௌனத்தை வீரமென்று நாம் மெச்சுகின்றோம். இலங்கையில் தற்கொலையால் மாள்வோருள் ஆண்களே மிகப் பெருந்தொகையினர் என்பதை மெச்சுவோர் நினைத்தல் வேண்டும். அதற்குக் காரணங்கள் பல. உதவி கேட்கக் கூசுதல் அவற்றுள் ஒன்று.

இவையெல்லாம் பிறவிக் குணங்கள் என்று கொள்ளற்க. ஆணும் பெண்ணும் ஒரே பொறுப்பை ஏற்றவிடத்து, காரியத்தை நேரே எதிர்கொள்ளும் திறத்தில் வேற்றுமை குன்றுவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். பொதுப் போக்கைக் கொண்டு தனியொரு பிள்ளையை அளத்தலும் தவறாகும்.

பெற்றோர் செய்யத்தக்கது பெரிதன்று. விடுதியிலிருந்து மகன் பேசும்போது, புள்ளியைக் கேட்குமுன் அவனுடைய உணவையும் நித்திரையையும் மனத்தையும் பற்றிக் கேளுங்கள். மகள் அழுதால் ஆறுதல் கூறுவதோடு நில்லாது, “இனி என்ன செய்யலாம்?” என்று அவளையே யோசிக்க விடுங்கள், அவளுடைய அலுவலை அண்ணனிடம் ஒப்படைக்காதீர்கள். மாணாக்கரே, பாரம் தாங்கவொண்ணாததாயின் நம்பிக்கையான விரிவுரையாளரிடமோ மருத்துவரிடமோ செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு.

பழமொழிகளுட் காத்துவைக்கத் தக்கன பல. இஃதொன்றைக் கைவிட்டால் நமக்கு நட்டமில்லை.